பொழுது சாய்வதற்குள் மாட்டிய கம்பி

என் மேல்வரிசைப் பற்கள் எப்போதும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் அவை வரும், அப்புறம் மூக்கு வரும், அதற்கப்புறம்தான் நான். இதைச் சொன்னது நானில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி. வேறு யாராவது சொல்லியிருந்தால் கடித்திருப்பேன். அவள் சொன்னால் சிரிப்பு வரும். சிரித்தால் பற்கள் இன்னும் கொஞ்சம் வெளியே வரும். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள், அவளைப் பார்த்து நான் சிரிப்பேன், டீச்சர் இரண்டு பேரையும் வெளியே நிறுத்துவார். செஞ்சியில் நான் படித்த படிப்பில் பாதி வராந்தாவில் நின்று படித்தது.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. பல்லை நேராக்கலாம் என்கிற செய்தி எங்கள் பக்கம் வந்து சேராத காலம். மூக்கு எப்படியோ, காது எப்படியோ, அப்படித்தான் பல்லும், வாய்த்தது வாய்த்ததுதான். என்னுடையதை எடுப்புப் பல் என்பார்கள். ஒருநாள் மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது குப்புற விழுந்தேன். மற்றவர்களுக்கு முட்டி சிராய்க்கும்; எனக்கு முன்பல் ஆடியது. திண்டிவனத்து டாக்டர் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், ஆடிய பல்லை நிற்கவைத்த டாக்டர் அத்தோடு என்னை விடவில்லை. தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாணவர்களைக் கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டுகள் என் வாயைச் சுற்றிக் கூடின. அதுவரை என் பல்லை யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் நைனா நெல் வியாபாரி. மூட்டையைக் குத்திக் கைப்பிடி நெல்லை எடுத்து, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் வாங்கமாட்டார். மகளின் வாய்க்குள் ஏதோ போகப்போகிறது என்றால் சும்மா இருப்பாரா? டாக்டர் மாணவர்களுக்கு இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருக்க, இவர் நடுவில் கையைத் தூக்கினார்.

“ஐயா, இப்ப ஒண்ணு சொன்னீங்களே ஓவர்ஜெட்டுன்னு, அது இன்னாங்க?”

டாக்டர் நல்ல மனிதர். ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை என் கீழ்ப்பல்லில் முட்டவைத்துக் காட்டினார். கீழ்ப்பல்லிலிருந்து மேல்பல் எவ்வளவு தூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது ஓவர்ஜெட். மேல்பல் இறங்கிவந்து கீழ்ப்பல்லை எவ்வளவு மூடுகிறதோ அது ஓவர்பைட்.

“எம் பொண்ணுக்கு ரெண்டும் இருக்குதுங்களா?”

“ரெண்டும் நிறையவே இருக்கு.”

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பாடத்தில் முதல் மார்க் வாங்கிய பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அடுத்த வார்த்தைக்கு அவர் கை தூக்கவில்லை. எக்ஸ்ட்ராக்‌ஷன். டாக்டரே தமிழில் சொல்லிவிட்டார். முன்பற்கள் பின்னால் போவதற்கு வாயில் இடமில்லை. மேலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆக இரண்டு பல்லைப் பிடுங்கவேண்டும். சொத்தையில்லாத, ஆடாத, நல்ல பல். நான் அந்த நாற்காலியிலேயே ஓவென்று அழ ஆரம்பித்தேன். பக்கத்து மேஜையில் பல் பிடுங்குகிற குறடு பளபளத்துக்கொண்டிருந்தது. அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா உள்ளே வந்தாள்.

“கெட்டுப்போனத புடுங்குங்க, நான் வேணான்னு சொல்லல. நல்லா இருக்கறத எதுக்குங்க புடுங்கணும்?”

நாங்கள் சமணக் குடும்பம். மண்ணுக்கடியில் நிம்மதியாகக் கிடக்கிற கிழங்கைக்கூடப் பிடுங்கிச் சாப்பிடாத வீடு. அங்கே போய் நல்ல பல்லைப் பிடுங்குகிறேன் என்றால்?

டாக்டர் அந்தக் குறடைத் துணியால் மூடினார். இன்னொரு வழி இருக்கிறது என்றார். ஹெட்கியர். கழுத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் பட்டை, அது முகத்துக்கு முன்னால் வளைந்துவருகிற கம்பியை இழுக்கும், அந்தக் கம்பி வாய்க்குள் போய்க் கடைவாய்ப் பற்களைப் பின்னால் தள்ளும். கடைவாய்ப் பல் நகர்ந்தால் முன்பல்லுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அது எத்தனை நேரம் முகத்தில் இருக்கிறதோ அத்தனைக்குத்தான் பலன்.

“பொண்ணுங்க வெட்கப்பட்டுக் கழட்டி வெச்சுடறாங்கம்மா. படுக்கும்போது மாட்டினா போதும், எழுந்ததும் கழட்டிடலாம். கோடைக்குள்ள இடம் வரலைன்னா மறுபேச்சு கிடையாது, ரெண்டையும் எடுத்துடுவேன்.”

ஆக, கோடைவரைக்கும் என் இரண்டு பற்களுக்குத் தவணை கிடைத்தது.

முதலில் பேண்டு போட்டார்கள். பல்லுக்குப் பல் மெல்லிய இரும்பு வளையம். இதைச் சிநேகிதிக்கு விளக்கும்போது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிப்பது போல என்றேன். “அப்போ உன் வாயில எத்தினி வண்டிடீ நிக்குது?” என்றாள். கடைவாய்ப் பல்லின் பேண்டில் மட்டும் ஒரு பொடிக் குழாய் இருக்கும், அது ட்யூப். ஹெட்கியர் கம்பியின் நுனி அதற்குள்தான் நுழையும். வரிசையாக எல்லாப் பேண்டையும் கோத்துக்கொண்டு போகும் கம்பி ஆர்ச் வயர். பற்கள் அந்தக் கம்பியின் வளைவுக்கு வந்து சேரவேண்டும், அதுதான் கணக்கு. மேலே ஒரு கொக்கியிலிருந்து கீழே பின்பல் கொக்கிக்கு இழுத்து மாட்டுகிற குட்டி ரப்பர் வளையம் எலாஸ்டிக். இதைத் தினமும் மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஒப்பிப்பேன். வகுப்பில் எந்தப் பாடமும் எனக்கு இப்படி வந்ததில்லை.

கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள ஓர் உருண்டை மெழுகு தந்தார்கள். நைனா அதை முகர்ந்து பார்த்தார். “இது எதுல செஞ்சதுங்க?” தேன்மெழுகு என்று பதில் வந்ததும் அம்மா அதைச் சுடுகிற பொருள்போலத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் தேன் சேராது. தேனீயின் வீட்டை உடைத்து எடுத்ததைத் தொடமாட்டோம். ஊருக்கு வந்து கடைவீதியில் மெழுகுவர்த்தி வாங்கி, அதைக் கிள்ளி உருட்டிக் கன்னத்துக்குள் ஒட்டிக்கொண்டேன். “தீப்பெட்டி வேணுமா?” என்றாள் சிநேகிதி.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் முதல்நாள் சாயங்காலமே வந்தது.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டால், மறுநாள் சூரியன் வந்தபின்தான் அடுத்த வாய். அம்மாவின் பிறந்த வீடு, எங்கள் சமண மடம் இருக்கிற மேல்சித்தாமூர். விரதம், நியமம் என்றால் அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் வாய்கொடுத்து மீளமுடியாது. படுக்கப்போகுமுன் நான் எலாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கண்ணாடிமுன் நின்றேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் கையைப் பிடித்தது.

“இன்னாடி பண்ற? வெளக்கு வெச்சாச்சு. இனிமே வாயில ஒண்ணும் போடக்கூடாது.”

நைனா எழுந்து உட்கார்ந்தார். “அத திங்கவா போறா? மாட்டிக்கப் போறா.”

“அறுந்து வயித்துக்குள்ள போச்சுன்னா?”

அறுந்து உள்ளே போகக்கூடியதுதான். டாக்டரே சொல்லியிருந்தார், போனால் பயப்படாதீர்கள் என்று. டாக்டருக்குப் பயமில்லை, அம்மாவுக்குப் பயம். ராத்திரியில் தொண்டைக்குள் இறங்கினால் அது சோறாக இருந்தால் என்ன, ரப்பராக இருந்தால் என்ன? இரண்டு பேரும் வழக்காடினார்கள். ரப்பர் மரத்துப் பால் என்றார் நைனா. பாலென்றால் உணவுதானே என்றாள் அம்மா. நைனா தன் வாதத்தில் தானே விழுந்தார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்கு நடுவே ஒரு குறடும் வந்து வந்து போனது.

கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள். பொழுது இருக்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிவிடவேண்டும். பொழுது விடிந்து, சூரியன் நன்றாக மேலே வந்தபின்தான் கழற்றவேண்டும். நடுவில் கழற்றி மறுபடி போடுகிற பேச்சே கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல், எங்கள் ஊர் மலை. ஊருக்கு மேற்கே, உச்சியில் கோட்டையோடு ராஜகிரி நிற்கிறது. உண்மையான பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்னாலேயே சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடும். அம்மாவுக்குக் கண்ணில் சூரியன் தெரியவில்லையென்றால் பொழுது போனதுதான்.

“மலைக்கு அந்தாண்ட இன்னும் பொழுது இருக்குதுமே. அந்தப் பக்கத்து ஊர்க்காரன்லாம் இப்பதான் சாப்ட ஒக்காருவான்” என்பார் நைனா.

“அப்போ அங்க போய் சாப்டுங்க.”

ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் பறப்பேன். கம்பியோடு சாப்பிடுவது லேசுப்பட்ட காரியமா? ஒவ்வொரு பருக்கையும் ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். அப்புறம் பிரஷ் வைத்துக் கம்பிக்கு மேலும் கீழும் தேய்க்கவேண்டும். அம்மா வாசலில் நின்று மலையைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருப்பாள். “மதில்ல தொட்டுடுச்சி! பாதி போயிடுச்சி! சீக்கிரம்டீ!” நான் நுரை வாயோடு உள்ளும் புறமும் ஓடுவேன். கடைசி ஒளி கோட்டைச் சுவரில் மறைவதற்குள் எலாஸ்டிக், கம்பி, கழுத்துப் பட்டை எல்லாம் ஏறியிருக்கும். தினமும் ஒரு ஓட்டப்பந்தயம். தினமும் நான்தான் ஜெயித்தேன்.

அதன் விளைவு என்னவென்றால், மற்ற ஊர்ப் பெண்கள் விளக்கணைத்தபின் ரகசியமாக மாட்டிக்கொள்வதை நான் பட்டப்பகலில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். முகத்துக்கு முன்னால் பளபளவென்று கம்பி, கழுத்தில் பட்டை. நைனாவுக்கு நெல் ஏற்றிவந்த வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னா மொதலாளி, பாப்பாவுக்கு மூக்கணாங்கயிறு மாட்டிட்டீங்களா?” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மூன்றாவது நாள் வீட்டில் சர்க்கரை தீர்ந்து, ரேஷன் கடை வரிசைக்கு என்னை அனுப்பினார்கள். நான் போய் நின்றதும் எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பினார், பதறி விலகினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விலகினார். ஏதோ தீராத நோய் என்று நினைத்துவிட்டார்கள். “அய்யோ பாவம், நீ முன்னாடி போம்மா.” பையை நிரப்பிக்கொண்டு போன சுருக்கில் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு ரேஷன் வாங்கவேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ரமலான் வந்தது. சிநேகிதி முஸ்லிம் வீட்டுப் பெண், நோன்பு வைத்தாள். சூரியன் மறைந்தால் அவள் சாப்பிடலாம், நான் சாப்பிடக்கூடாது. சூரியன் இருந்தால் நான் சாப்பிடலாம், அவள் சாப்பிடக்கூடாது. சாயங்காலம் இரண்டு பேரும் அவள் வீட்டு மாடியில் நின்று ஒரே சூரியனைப் பார்ப்போம். அவள், “போ, போ, சீக்கிரம் போ” என்பாள். நான், “இரு, இரு, கொஞ்சம் இரு” என்பேன். அது யார் பேச்சைக் கேட்கும்? மாலை முழுக்க விழுந்து விழுந்து சிரிப்போம். சிரிக்கும்போது என் கம்பி கிணுகிணுவென்று ஆடும்.

மாதாமாதம் மெட்ராஸ் போய்வந்தோம். டாக்டர் கம்பியை முடுக்குவார். வீட்டுக்கு வரும்போது பல்லெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும். கூழைக் குடித்துவிட்டுப் படுப்பேன். இடம் வருகிறதா என்று கேட்டால் பார்க்கலாம் என்பார். அந்தப் ‘பார்க்கலாம்’ பஸ்ஸில் வீடுவரை என்னோடு வரும். கண்ணாடிமுன் நின்று நாக்கால் அந்த இரண்டு பற்களையும் தடவிப் பார்ப்பேன். பாவம், அவை என்ன தப்புச் செய்தன?

கோடை வந்தது. டாக்டர் ஸ்கேலை எடுத்தார், அளந்தார், மறுபடி அளந்தார். முதல்நாள் என் பல்வரிசைக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சைக் கொண்டுவரச் சொன்னார். அதையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எத்தனை மணிக்கும்மா படுப்பே?”

நான் படுக்கிற நேரத்தைச் சொன்னேன். நம்பவில்லை; அந்த நேரத்துக்கு மாட்டினால் இவ்வளவு இடம் வந்திருக்காது என்றார். அப்புறம் நைனா மலை, சூரியன், மேல்சித்தாமூர் எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாணவர்களைக் கூப்பிட்டு, இந்தக் குடும்பத்தைப் பாருங்கள், என் நோயாளிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு அம்மா வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பிடுங்க வேண்டாம்.”

எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர் விரலைத் தூக்கினார். இன்னும் சில மாதம், ஒரு ராத்திரிகூட விடாமல் போடவேண்டும். விட்டால் பல் பழைய இடத்துக்கு ஓடிவரும், அப்போது பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

திண்டிவனத்தில் கையோடு கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் செஞ்சி பஸ் ஏறினோம். பொழுது இருக்கும்போதே வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். பாதி வழியில் பஸ் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. டிரைவர் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். நான் சந்தோஷ மயக்கத்தில் இருந்தேன். பல்லைத் தவிர வேறு நினைப்பில்லை. அம்மாவுக்கு ஞாபகம் வந்து நிமிர்ந்து பார்த்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. ஹெட்கியர் துணிப்பையில் இருந்தது.

பிறகு நைனா மெதுவாக, “ஒரு ராத்திரிதான. போவட்டும் விடு” என்றார். ஒரு ராத்திரி போடாததால் குடி முழுகிவிடுமா என்று டாக்டரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அவர் விரலைத் தூக்கிச் சொன்னதை அம்மா பார்த்திருந்தாள். மேற்கே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைப் பிரித்தாள்.

“வாயத் தொற.”

“அம்மா, பொழுது...”

“தொறடீ.”

அத்தனை மாதமும் அம்மா அந்தச் சாமான்களைக் கையால் தொட்டதில்லை. ‘அது’ என்பதைத் தவிர அவற்றுக்கு அவள் வாயில் பேரும் இருந்ததில்லை. கண்டக்டர் டார்ச் அடித்தார், பஸ் ஜனம் முழுவதும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. அம்மா என் கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“இந்த நுனி ட்யூப்ல... இதோ போயிடுச்சி. ஆர்ச் வயர் மேல முட்டக்கூடாது. எலாஸ்டிக் எங்க? மேல ஹூக்குலருந்து கீழ பின்பல்லுக்கு. இதோ.”

ஒரு வார்த்தை தவறவில்லை. நைனா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு பொங்கியது, கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. “சிரிக்காதடி, எலாஸ்டிக் நழுவுது” என்று அம்மா அதட்டினாள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அந்த இரண்டு பற்களையும் யாரும் பிடுங்கவில்லை. பேண்டைக் கழற்றியபின், நகர்ந்த பல்லை நகர்ந்த இடத்திலேயே பிடித்துவைக்கிற ரிட்டெய்னர் என்கிற தட்டைக் கொஞ்சகாலம் போட்டேன், அதுவும் முடிந்தது. என் உதடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பிடுங்காமல் விட்ட பற்கள் இரண்டும் இன்றும் என் வாயில் இருக்கின்றன, முறுக்கு உடைக்கின்றன.

பஸ் நின்ற அந்த மாலைக்கு மறுநாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா எப்போதும்போல எழுந்து சமைத்தாள், எங்களுக்குப் பரிமாறினாள். தான் உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் நைனாவைப் பார்த்தேன்.

“பொழுது போன அப்புறம் உங்கம்மா உன் வாயில போட்டா இல்ல. அதுக்கு இன்னிக்கு முழுக்க உபவாசம்.”

வாய் வலிக்கிறது, எனக்கும் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். அம்மா அதை மறுபடி என் முன்னால் நகர்த்திவைத்துவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“பட்டினி கெடக்கறதுக்காடி அந்த ரெண்டு பல்ல வெச்சிருக்கோம்? மென்னு தின்னு. நான் பாக்கணும்.”